நிதானமும் கவனமும்: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: ஐயா, தினமும் காலையில் கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க முயல்கிறேன். இரண்டு நிமிடம்கூட மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை. எனக்கு இது சரிப்பட்டு வராதோ என்று சந்தேகமாக இருக்கிறது.

பதில்: மனம் அலைபாய்கிறது என்பதற்காக இது உங்களுக்கு ஒத்துவராது என்று முடிவுகட்ட வேண்டாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் ஆகிய இருவரும் 2,250 பேரின் கைபேசிகளுக்கு எதிர்பாராத நேரங்களில் கேள்விகளை அனுப்பி, அந்த நொடியில் என்ன செய்துகொண்டிருந்தார்கள், எதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று விசாரித்தார்கள். 2010-இல் வெளியான அந்த ஆய்வின்படி, கேட்கப்பட்ட தருணங்களில் 46.9 விழுக்காட்டில் மனம் கையிலிருந்த வேலையை விட்டு வேறெங்கோ இருந்தது. கண் விழித்து வேலை பார்க்கும்போதே ஏறக்குறைய பாதி நேரம் ஊர்சுற்றும் மனம், கண்ணை மூடியவுடன் அடங்கிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நடப்பதைச் சற்று நெருங்கிப் பாருங்கள். மூன்றாவது மூச்சு வரை கவனம் இருக்கிறது. பிறகு, நேற்று வந்த ஒரு செய்திக்கு என்ன பதில் எழுதலாம் என்று மனம் வாக்கியம் அமைக்கத் தொடங்குகிறது, அதற்கு அவர் என்ன சொல்வார் என்பதையும் தானே சொல்லிக்கொள்கிறது, மறுமொழியும் தயாராகிவிடுகிறது. திடீரென்று, ‘அடடா, மூச்சை விட்டுவிட்டோமே’ என்று உறைக்கிறது. பெரும்பாலோர் இந்த இடத்தைத் தோல்வி என்று கணக்கெழுதிக்கொள்கிறார்கள். பயிற்சியே இங்குதான் நடக்கிறது என்பது என் கருத்து. மனம் போவதைத் தடுப்பது நம் கையில் இல்லை. போனதை உணர்வதையும் திரும்பி வருவதையும்தான் பழக முடியும். இருபது முறை திரும்பினால் இருபது முறை பழகியிருக்கிறீர்கள். உங்களைத் திட்டிக்கொள்ளாமல் திரும்புங்கள், ஏனென்றால் திட்டுவதும் ஓர் அலைச்சல்தான்.

கேள்வி: கைபேசியைத் தேவையில்லாமல் தொடக் கூடாது என்று தினமும் தீர்மானித்து, ஒரு மணி நேரத்துக்குள் தோற்றுப்போகிறேன். மன உறுதியை எப்படி வளர்ப்பது?

பதில்: இந்த விஷயத்தில் மன உறுதியை நம்ப வேண்டாம் என்பேன். எப்போது பலன் கிடைக்கும் என்று தெரியாத நிலையில்தான் உயிர்கள் ஒரு செயலை விடாமல் செய்கின்றன என்பதை அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டினார். கொத்தும்போதெல்லாம் தானியம் கிடைத்துப் பழகிய புறா, தானியம் நின்றதும் விரைவில் கொத்துவதை விட்டுவிடும். எப்போதாவது மட்டும் கிடைத்துப் பழகியதோ வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். கைபேசியைத் திறக்கும்போது சில சமயம் நல்ல செய்தி இருக்கிறது, பல சமயம் ஒன்றுமில்லை. போதாததற்கு, திரையை எவ்வளவு தள்ளினாலும் அடிப்பகுதியே வராத முடிவில்லாப் பக்கம் வேறு; அதை 2006-இல் வடிவமைத்த ஏஸா ராஸ்கின் பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தியிருக்கிறார்.

ஆகவே ஏற்பாட்டை மாற்றுங்கள். மனிதர்கள் நேரடியாக அழைப்பதைத் தவிர மற்ற அறிவிப்புகள் அனைத்தையும் நிறுத்திவையுங்கள். வேலை நேரத்தில் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். ஒலியடக்கி மேசைமேல் வைத்திருந்தவர்களைவிட வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள் நினைவாற்றல் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள் என்று 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. பின்னர் நடந்த சோதனைகள் எல்லாம் அதே முடிவைத் தரவில்லை என்பதால் நான் அதைப் பெரிதாகப் பிடித்துக்கொள்வதில்லை. எழுந்து நடந்துபோய் எடுக்க வேண்டும் என்கிற அந்தச் சிறு சிரமமே எனக்குப் போதுமான காரணம்.

மீறிக் கை நீளும்போது, நீள்வதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது என்று பாருங்கள். எழுத வேண்டிய வாக்கியம் அமையாமல் நின்றிருக்கும், அல்லது பேச்சுக்கு நடுவே ஒரு சங்கடமான மௌனம் விழுந்திருக்கும். அந்தச் சின்ன அசௌகரியத்திலிருந்து தப்பவே கை போகிறது. அதை அரை நிமிடம் அப்படியே உணர்ந்திருந்துவிட்டு, பிறகும் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அலுவலகத்தில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு பணிகள் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்றில் உட்கார்ந்தால் பாதியில் விட்டுவந்த இன்னொன்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதற்கு வழி உண்டா?

பதில்: உண்டு. ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் விளக்கினார். குறிப்பிட்ட திட்டம் ஒன்றை வகுத்துவிட்டால், முடிக்காத வேலை மனத்தில் குறுக்கிடுவது குறைகிறது என்று உளவியலாளர்கள் மாசிகாம்போ, பாமிஸ்டர் இருவரும் 2011-இல் காட்டினார்கள். வேலையை முடித்தே தீர வேண்டும் என்பதில்லை. எழுந்து போகும் முன் ஒரே ஒரு வரி எழுதிவையுங்கள்: ‘மூன்றாம் பக்கக் கணக்கு சரிபார்த்தாயிற்று, அடுத்தது நான்காம் பக்கம், மாலை நான்கு மணிக்கு.’ விட்ட இடம், அடுத்த படி, நேரம் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். ‘பிறகு பார்க்கணும்’ என்று மட்டும் எழுதினால் மனம் அதை நம்பாது.

கேள்வி: வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள். தனிமை என்பதே கிடையாது. என்னைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் எட்டாக்கனிதானா?

பதில்: குழந்தை கூப்பிடுவதை இடையூறு என்று வகைப்படுத்தினால் நாள் முழுவதும் இடையூறாகத்தான் இருக்கும். காய் நறுக்கிக்கொண்டே பாதிக் காதைக் கொடுத்து ‘உம், உம்’ என்று சொல்லும்போது நறுக்குவதும் சரியாக நடப்பதில்லை, குழந்தையும் மறுபடி மறுபடி கூப்பிடுகிறது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பி, ஒரு நிமிடம் முழுமையாகக் கேளுங்கள். பிறகு கத்திக்குத் திரும்புங்கள். முதல் கேள்விக்கு மூச்சை வைத்துச் சொன்ன அதே பயிற்சிதான் இது, உட்கார்ந்து செய்யவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: மூச்சைக் கவனிக்கத் தொடங்கினால் எனக்குப் படபடப்பு அதிகமாகிறது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்கிறார்கள். தொடரலாமா?

பதில்: கட்டாயப்படுத்தித் தொடர வேண்டாம். சிலருக்கு மூச்சே பதற்றத்தின் வாசலாக இருக்கிறது. கண்களைத் திறந்துவைத்து, பாதங்கள் தரையில் அழுந்துவதையோ சுற்றிலும் கேட்கும் ஒலிகளையோ கவனியுங்கள். பழைய அதிர்ச்சிகளின் நினைவுகள் பொங்கி வந்தால் நிறுத்திவிட்டு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்ப்பதே முறை. எல்லோருக்கும் எல்லா நிலையிலும் இது நல்லதே செய்யும் என்று சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. சிகிச்சைக்கு இது மாற்றும் அல்ல.

கேள்வி: எத்தனை நாட்களில் பலன் தெரியும்?

பதில்: ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் மன அழுத்தத்தைக் குறைக்கத் தொடங்கிய கவனப் பயிற்சித் திட்டம் எட்டு வாரங்கள் கொண்டது. அதை ஒரு தோராயமான அளவாக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பத்து நிமிடம் செய்வது, ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் உட்காருவதைவிட மேல்.

கேள்வி: நான் நிதானமாக இருக்கப் பழகியதிலிருந்து, ‘உனக்கு எதுவுமே உறைப்பதில்லை’ என்று வீட்டில் குறைபடுகிறார்கள். அமைதி என்பது எதையும் கண்டுகொள்ளாமல் இருப்பதா?

பதில்: வீட்டார் சொல்வதில் விஷயம் இருக்கக்கூடும், தள்ளிவிடாதீர்கள். கோபம் வந்தும் வராததுபோல் முகத்தை வைத்துக்கொள்வது அடக்கிவைத்தலே தவிர அமைதி ஆகாது. தாடை இறுகுவதும் குரல் ஏறுவதும் தெரியும்போது, ‘எனக்குக் கோபம் வருகிறது’ என்று பெயர் சொல்லிப் பாருங்கள். உணர்ச்சிக்குச் சொல்லால் பெயரிடும்போது மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் செயல்பாடு தணிவதை உளவியலாளர் மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் பதிவுசெய்தார்கள். உங்களுக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளாமல் எதிரில் இருப்பவரிடமும் அதையே சொல்லலாம். உறைத்திருக்கிறது என்று அவருக்கும் தெரிந்துவிடும்.

கேள்வி: பாட்டைப் பின்னணியில் ஓடவிட்டு வேலை செய்வது கவனத்தைக் கெடுக்குமா?

பதில்: படிப்பது, எழுதுவது போன்ற சொல் சார்ந்த வேலை என்றால், புரிகிற மொழியில் சொற்கள் உள்ள பாட்டு இடிக்கும்; வாத்திய இசை அந்த அளவுக்கு இடிக்காது. துணி மடிக்கும்போது தாராளமாகக் கேளுங்கள்.