பிள்ளையின் பேச்சைக் கேட்டது யார்? சிறார் குற்றம்: கேள்வி பதில்

கேள்வி: அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகளையும் ஜெயிலில்தான் போட்டார்களா மேடம்?

பதில்: ஆமாம். பழைய ஆங்கிலேயச் சட்டப்படி 7 வயதுக்குக் கீழ் குற்றமே கிடையாது. 7 முதல் 14 வரை, தப்பென்று தெரிந்தே செய்தான் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபித்துவிட்டால் பெரியவர்களுக்கான அதே சிறை, அதே தூக்கு.

கேள்வி: தனி நீதிமன்றம் எப்போது வந்தது?

பதில்: 1899, சிகாகோ. இவன் குற்றவாளி இல்லை, வழி தவறிய பிள்ளை; அரசுதான் இவனுக்குத் தாய் தகப்பன் என்பது அதன் அடிப்படை.

கேள்வி: நல்ல எண்ணம்தானே, அதில் என்ன குறை?

பதில்: கால்ட் வழக்கைப் பாருங்கள். 1964, அமெரிக்காவின் அரிசோனா மாநிலம். போனில் ஆபாசமாகப் பேசினான் என்று பக்கத்து வீட்டுப் பெண் புகார் தர, கால்ட் என்ற 15 வயதுப் பையனை போலீஸ் கூட்டிப்போனது. வீட்டில் ஒரு துண்டுச்சீட்டுகூட வைக்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்த அம்மா, பிள்ளையைக் காணாமல் மூத்தவனைத் தேட அனுப்பினார். அப்போதுதான் விஷயமே தெரிந்தது. விசாரணையில் வக்கீல் இல்லை, புகார் கொடுத்தவர் வரவே இல்லை, பேசியது எதுவும் பதிவாகவில்லை. 21 வயதுவரை சீர்திருத்தப் பள்ளி என்று உத்தரவு. இதையே பெரியவர் செய்திருந்தால் 50 டாலர் வரை அபராதம், அல்லது 2 மாதம் வரை சிறை! 1967-ல் உச்ச நீதிமன்றம், பிள்ளைக்கும் வக்கீல் உண்டு, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை உண்டு என்றது. நான் இந்தத் துறைக்கு வரக் காரணமே இந்த வழக்குதான். பரிவு என்ற பெயரில் பிள்ளையின் வாயை அடைத்துவிடக் கூடாது.

கேள்வி: இப்போதைய பசங்க செய்வதெல்லாம் கொடூரம். பெரியவர்களைப் போலவே தண்டித்தால் என்ன?

பதில்: பாதிக்கப்பட்டவர்களின் வலி எனக்கும் தெரியும், பொறுப்பேற்க வைக்கத்தான் வேண்டும். ஆனால் இதே பயத்தில்தான் 1990-களில் அமெரிக்க மாநிலங்கள் பலவும் சிறுவர்களைப் பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு அனுப்பின. கொலைகாரத் தலைமுறை ஒன்று வரப்போகிறது என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். வரவில்லை, சிறார் குற்றம் குறைந்தது. 2005-ல் அங்கே 18 வயதுக்குள் செய்த குற்றத்துக்கு மரண தண்டனையே கூடாது என்று தீர்ப்பாயிற்று. அந்த வயதில் அவசரம் அதிகம், கூட்டாளிகள் பேச்சு எடுபடும், குணம் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பது காரணம்.

கேள்வி: எந்த வயதிலிருந்து வழக்குப் போடலாம்?

பதில்: இங்கிலாந்தில் 10. ஸ்காட்லாந்து 8-ஐ 12 ஆக்கியது. குறைந்தது 14 ஆக்குங்கள் என்று ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2019-ல் கேட்டுக்கொண்டது. 14-க்குக் குறைய நான் சம்மதிக்க மாட்டேன்.