சந்தனத்தை எங்கே வைப்பது? – தொழில் கேள்வி பதில்

மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூரில் 40 பேர் வேலை பார்க்கும் லேத் பட்டறை எங்களுடையது. ஆயுத பூஜை என்றால் பையன்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், பொரிப் பையை வாங்கியதும் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களுக்கும் மனசு ஒட்டுகிற மாதிரி செய்ய என்ன வழி?

துடைக்கிற துணியிலிருந்தே பூஜையை ஆரம்பியுங்கள். முதல் நாள் மதியம் 2 மணிக்கே உற்பத்தியை நிறுத்திவிடுங்கள். அதற்காகக் கூலியில் கை வைக்கக் கூடாது. எந்த மெஷினை யார் ஓட்டுகிறாரோ, அவர்தான் அதைத் துடைக்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டு, இரும்புச் சுருளைக் கொக்கியாலும் பிரஷ்ஷாலும் எடுக்கச் சொல்லுங்கள். காற்றடித்து ஊதினால் தூள் இடுக்குகளில் போய் உட்காரும், கண்ணிலும் தெறிக்கும். சூட்டைத் தணிக்கும் கூலண்ட் திரவத் தொட்டியின் அடிச்சேற்றையும் அள்ளிவிட்டு, கடைசியில் மெஷினின் நீள அடிப்பகுதியான பெட்டின் மேல் மெல்லிசாக எண்ணெய் தடவ வேண்டும்.

சந்தனம், குங்குமம் எல்லாம் மெஷினின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் மூடியோடு சரி. பெட்டிலோ, இரும்பைக் கவ்விச் சுழலும் சக்கிலோ வேண்டாம். குங்குமமும் விபூதியும் எண்ணெயில் குழைந்து பெட்டின் வழவழப்பான பரப்பை அரிக்கும். ஈரச் சந்தனம் இருந்த இடத்தில் துரு ஏறும். கற்பூரத்தைத் தின்னர் டப்பா, எண்ணெய்ப் பஞ்சு பக்கமே கொண்டுபோகாதீர்கள். திரும்ப ஓட்டும் முன் மாலை, நூல், எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் எடுத்தாயிற்றா என்று அந்தந்த ஆபரேட்டரே பார்த்துவிட்டுத்தான் பூட்டைத் திறக்க வேண்டும். சுழலும் சக்கில் சிக்கிய ஒரு முழப் பூ, எடுக்கப்போன கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

தீபாராதனைத் தட்டை மூத்த ஆபரேட்டர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் வரிசையில் நில்லுங்கள். இது சின்ன விஷயமில்லை. தான் துடைத்த மெஷினுக்குத் தானே தீபம் காட்டுகிறவர் செல்போனைத் தேட மாட்டார்.

40 பேருக்கு 20 படி பொரி, 4 கிலோ பொட்டுக்கடலை, 2 கிலோ நாட்டுச்சர்க்கரை வாங்குங்கள். காண்ட்ராக்ட் ஆள், வாட்ச்மேன், கூட்டுகிற அம்மா எல்லாருக்கும் ஒரே அளவுப் பை. கம்பெனி ஆளுக்கு ஸ்வீட் பாக்ஸ், காண்ட்ராக்ட் ஆளுக்கு வெறும் பொரி என்று பிரித்தால், அதற்குப் பூஜையே செய்யாமல் இருக்கலாம். பூசணிக்காயைக் காம்பவுண்டுக்குள் உடைத்து உடனே அள்ளிவிடுங்கள். ரோட்டில் உடைத்தால் இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வருகிறவர் வழுக்கி விழுவார்.

முஸ்லிம், கிறிஸ்தவத் தொழிலாளர்களையும் பூஜையில் நிற்கச் சொல்லலாமா?

துடைப்பது எல்லாருக்கும் வேலை, கும்பிடுவது அவரவர் விருப்பம். வருகைப் பதிவைப் பூஜையோடு முடிச்சுப் போடாதீர்கள். படைப்பதற்கு முன்பே சில பைகளைத் தனியாக எடுத்து வைத்தால், யாருக்கும் சங்கடம் இருக்காது. ரம்ஜான் மாதத்தில் மாலை ஷிப்டில் நோன்பு திறக்க 15 நிமிடம் விடுவதும் இதே கணக்கில்தான் வரும்.

அழகர் ஆற்றில் இறங்கும் அன்று பாதிப் பேர் வருவதில்லை.

வர மாட்டார்கள், மதுரையில் அதை எதிர்பார்க்கவும் கூடாது. தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி நான்கு தேசிய விடுமுறை போக, ஐந்து பண்டிகை விடுமுறை தர வேண்டும். அந்த ஐந்தில் ஒன்றாக இதை வருடத் தொடக்கத்திலேயே, தொழிலாளர்களைக் கேட்டு, எழுதி ஒட்டிவிடுங்கள்.

போனஸைப் பூஜைத் தட்டில் வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். தொடரலாமா?

வேண்டாம். குறைந்தது 8.33 சதவீதம் என்று சட்டமே சொல்லும் உரிமை அது. தட்டில் வைத்துக் குனிந்து வாங்கச் சொன்னால் தானம் மாதிரி ஆகிவிடும். வெற்றிலை பாக்கோடு 101 ரூபாயைத் தட்டில் வைத்துக் கொடுங்கள். போனஸை அதற்கு முந்தின வாரமே பேங்க் கணக்கில் போட்டுவிட்டால், விளக்குத்தூண் துணிக்கடைகள் பக்கம் தீபாவளிக் கூட்டம் நெரிவதற்குள் வீட்டில் இருப்பவர்கள் துணி எடுத்துவிடுவார்கள்.