தொட்டித் தண்ணீர் பால்போல் வெளுத்தால் கார்பன் கைகொடுக்குமா?

கேள்வி: சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வளர்க்கிறேன். மாடியில் சிமென்ட் தொட்டிகளில் கோல்ட்ஃபிஷ், மோலி குஞ்சு எடுத்து, கீழே மூன்றடிக் கண்ணாடித் தொட்டிகளில் விற்பனைக்கு விடுகிறேன். மரக்கட்டை போட்ட தொட்டியில் தண்ணீர் மஞ்சளடித்தது. ஆக்டிவேட்டட் கார்பன் (நுண்துளைகள் திறந்த கரி) போட்டதும் சில நாளில் பளிச்சென்று ஆகிவிட்டது. போன வாரம் புதிதாக வைத்த கோல்ட்ஃபிஷ் தொட்டியில் தண்ணீர் பால் கலந்ததுபோல் இருக்கிறது. அதே பாக்கெட் கார்பனை இரண்டு பங்காகப் போட்டும் தெளியவில்லை. கார்பன் போலியா? வெயிலில் காயவைத்து மறுபடி போடலாமா? அடுப்புக்கரியே போதாதா?

பதில்: மஞ்சளை எடுத்த அதே பாக்கெட் என்கிறீர்கள், அப்புறம் எப்படிப் போலியாகும்? சரக்கு நல்லதுதான். இரண்டு தொட்டியிலும் இருக்கிற கோளாறு வேறு வேறு.

மரக்கட்டையிலிருந்து இறங்கும் மஞ்சள் தண்ணீரில் கரைந்துவிட்ட சாயம். கரைந்த சாயம், வாடை, மிச்ச மருந்து, குளோரின் இவற்றைப் பிடிப்பதில் கார்பனுக்கு ஈடில்லை. ஒரு கிராம் நல்ல கார்பனுக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பை விரித்தால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும், அதாவது கால் ஏக்கர். கரைந்த பொருள் அந்தச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்கிறது.

புதுத் தொட்டியின் வெள்ளை அப்படியல்ல. அது மிதக்கும் பாக்டீரியா. கார்பனின் துளைகளைவிடப் பாக்டீரியா பல நூறு மடங்கு பெரிது. உள்ளே நுழையவே முடியாததை இரண்டு பங்கு போட்டாலும் நான்கு பங்கு போட்டாலும் பிடிக்காது. பாக்டீரியா இப்படிப் பெருகக் காரணம் பெரும்பாலும் மிச்சத் தீவனமும், தொட்டி தாங்காத அளவு மீனும்தான். விற்பனைத் தொட்டி என்பதால் நெருக்கமாக விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எனக்குக் கவலை வெள்ளை நிறத்தைப் பற்றியல்ல, அதோடு சேர்ந்து வரும் அம்மோனியாவைப் பற்றி. அது கண்ணுக்குத் தெரியாது, கார்பனும் அதை எடுக்காது. கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீரிலும் மீன் அம்மோனியாவில் சாகும். மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றனவா, செவுள் வழக்கத்தைவிடச் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்கி வையுங்கள். தொழிலாகச் செய்பவருக்கு அது இரண்டாவது கார்பன் பாக்கெட்டைவிட உபயோகமான செலவு.

இப்போது செய்ய வேண்டியது: பாதி மீன்களையாவது வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். இரண்டு நாள் தீவனம் போடாதீர்கள், வளர்ந்த கோல்ட்ஃபிஷ் தாங்கும். தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீராக இருந்தால், ஒருநாள் காற்றோட்டத்தில் வைத்த பிறகே ஊற்ற வேண்டும். ஏர் பம்பை இரவிலும் நிறுத்தக் கூடாது, அந்தப் பாக்டீரியாவும் ஆக்சிஜனைத் தின்கிறது. முக்கியமாக, நோயில்லாத பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றை எடுத்து ஈரம் காயாமல் இதில் போடுங்கள். அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது. புதுத் தொட்டியில் அது தானாக வளர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பொறுமையிழந்து தொட்டியை முழுக்கக் கவிழ்த்துக் கழுவிவிடாதீர்கள், எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

இனிமேல் எந்தத் தொட்டி கலங்கினாலும் முதலில் ஒரு வெள்ளை மக்கில் தண்ணீர் மொண்டு பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மங்கலான டீ நிறம் என்றால் கார்பனுக்கு வேலை இருக்கிறது. பச்சை என்றால் பாசி, வெயிலைத் தடுக்க வேண்டும். அதே தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி இரவு முழுக்க வைத்து, காலையில் அடியில் செம்மண் நிறத்தில் படிந்திருந்தால் போர் தண்ணீரிலுள்ள இரும்பு. தனித் தொட்டியில் காற்று விட்டுத் தெளியவைத்த பிறகு பயன்படுத்துங்கள்.

கார்பன் போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நைலான் வலைப்பையில் கட்டி, கருந்தூள் நிற்கும்வரை அலசி, ஃபில்டரில் ஸ்பாஞ்சுக்கு அடுத்ததாக வையுங்கள். தண்ணீர் அதன் ஊடே ஓட வேண்டும், தொட்டியில் சும்மா தொங்கவிட்டால் பாதி வேலைகூட நடக்காது. 3 அடிக்கு 1 அடி, ஒன்றரை அடி உயரத் தொட்டி சுமார் 127 லிட்டர். அதற்கு 100 கிராம் தாராளம். மூன்று நான்கு வாரத்தில் துளைகள் நிறைந்துவிடும்.

நிறைந்ததை வெயிலிலோ வெந்நீரிலோ மீட்க முடியாது. கொட்டாங்குச்சிக் கரியை 900 டிகிரி அளவு வெப்பத்தில் நீராவி செலுத்தித்தான் ஆலையில் அந்தத் துளைகளைத் திறக்கிறார்கள். மொட்டைமாடி வெயில் ஈரத்தைத்தான் காயவைக்கும். அடுப்புக்கரியில் அத்தனை துளை கிடையாது. போதாததற்கு அதன் சாம்பல் தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றும், காரம் ஏறினால் அம்மோனியாவின் விஷம் கூடும். வேண்டவே வேண்டாம்.

மெத்திலீன் புளூ போன்ற மருந்து விடும்போது கார்பனை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மருந்துக் காசு கார்பனுக்குத்தான் போகும். சிகிச்சை முடிந்ததும் புதுக் கார்பன் போட்டால் மிச்ச நீலத்தை இழுத்துவிடும். உப்பை மட்டும் அது தொடாது, தண்ணீர் மாற்றித்தான் குறைக்க வேண்டும். பின்னால் ஃபைட்டர் மீன் வளர்த்து வாதாம் இலை போட்டால், அந்தத் தொட்டிக்குக் கார்பன் தேவையே இல்லை. இலை தரும் சாற்றைத்தான் அது முதலில் உறிஞ்சும்.