ஈயமா, செம்பு உறையா? மான் வேட்டைக் குண்டு பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (டெக்சாஸ்): கையில் இருப்பது .30-30 லீவர் ரைஃபிள். வெள்ளைவால் மானுக்கு வீட்டில் வார்த்த ஈயக் குண்டு போதுமா, செம்பு உறைக் குண்டே வாங்கிவிடலாமா?

பதில்: நூறு கஜத்துக்குள் என்றால் வார்ப்புக் குண்டு தாராளமாகப் போதும். ஆனால் முதலில் குழலை அளந்து பாருங்கள். துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு, எண்ணெய் தடவிய சுத்த ஈய உருண்டையைக் குழல் வழியே தள்ளி எடுங்கள். குழலுக்குள் இருக்கும் புரி (சுழல் பள்ளம்) உருண்டையில் பதித்த மேட்டில் மைக்ரோமீட்டர் 0.308 அங்குலம் காட்டினால் குண்டு 0.309 அல்லது 0.310 இருக்க வேண்டும். சிறுத்த குண்டின் ஓரமாகச் சுடுவாயு பீறிட்டு ஈயத்தை அரித்துக் குழலில் அப்பிவிடும். பிறகு குறி சிதறும்.

கலவைக்கு, கார் சக்கரத்தில் கிளிப்பாக மாட்டும் பழைய ஈய எடையோடு 2 சதவீதம் வெள்ளீயம் சேர்த்தால் கடினம் பிரினெல் அளவில் 11, 12 வாக்கில் நிற்கும். துத்தநாக எடைகள் கலந்துவிடாமல் பொறுக்கி எடுங்கள். அவை கலந்தால் உலோகம் அச்சில் சரியாக நிரம்பாது. குண்டின் அடியில் கேஸ் செக் என்கிற செம்புக் கிண்ணி வேண்டும். வேகம் நொடிக்கு 2,000 அடியை ஒட்டி இருக்கட்டும். மூக்கு தட்டையாக இருப்பது நல்லது: குண்டு அதிகம் விரியாவிட்டாலும் அந்தத் தட்டை முகமே திசுவைக் கிழித்து வழி போடும். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய் மேகசினில் கூர்மூக்கு வேண்டவே வேண்டாம். அது முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரை, அதாவது அடிபட்டால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் பகுதியை, முட்டிக்கொண்டு நிற்கும்.

கேள்வி (ஒஹையோ): லினோடைப் உலோகம் (பழைய அச்செழுத்து வார்க்கும் ஈயக் கலவை) நிறைய இருக்கிறது. பிரினெல் 22. கடினம் கூடினால் நல்லதுதானே?

பதில்: குறி அட்டையைச் சுடுவதற்கு நல்லது. மானில் அது விரியாமல் ஊசிபோல ஊடுருவிப் போகும், எலும்பில் பட்டால் உடையவும் உடையும். சுத்த ஈயம் சேர்த்து இளக்குங்கள்.

கேள்வி (மொன்டானா): .270 ரைஃபிள், நொடிக்கு 3,000 அடி வேகம், முந்நூறு கஜம். எந்தக் குண்டு?

பதில்: உறைக் குண்டு.

கேள்வி (மிச்சிகன்): வார்த்த சூட்டோடு தண்ணீரில் போட்டு இன்னும் கடினமாக்கலாமா?

பதில்: ஒஹையோக்காரருக்குச் சொன்னதுதான். அந்த வாளியை உருக்கும் சட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரு துளி தண்ணீர் உருகிய ஈயத்துக்கு அடியில் போனாலும் ஆவி வெடித்துச் சட்டியில் இருப்பதெல்லாம் முகத்தில் தெறிக்கும். குழலை அளந்தீர்களா?

கேள்வி (வடக்கு டகோட்டா): குழந்தைகள் சாப்பிடும் இறைச்சி. செம்பு உறை இருந்தால் ஈயம் கலக்காதுதானே?

பதில்: உள்ளே இருப்பதே ஈயம்தான். அதிவேகத்தில் மோதும்போது உறை பிய்ந்து உள்ளீயம் பொடியாகச் சிதறும். எக்ஸ்ரேயில் பார்த்தால் காயத்தடத்தை விட்டு வெகு தூரம் தள்ளியும் துகள்கள் தெரியும். உங்கள் மாநிலத்திலேயே 2008-ல் தானமாக வந்த மான் கைமாவைத் தூக்கிப் போடச் சொன்னது சுகாதாரத் துறை.

குறுக்கே ஒருவர்: அப்படியானால் வார்ப்புக் குண்டுதான் பத்திரம்!

பதில்: மெதுவாகப் போகும் வார்ப்புக் குண்டு குறைவாகத்தான் சிதறும். குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை.

அவரே: எங்கள் தாத்தா காலத்திலிருந்து சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே.

பதில்: ரத்தத்தில் ஈயத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டா சொல்கிறீர்கள்? குழந்தைகளுக்கென்றால் ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டு. ஈயத்தால் சுட்டிருந்தால், காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், அந்தப் பகுதியைக் கைமா போடாதீர்கள். அரைக்கும் இயந்திரம் ஒரு துகளை முழுத் தட்டுக்கும் பரப்பிவிடும்.

கேள்வி (கலிஃபோர்னியா): இங்கே எது சரி?

பதில்: இரண்டும் இல்லை. 2019 ஜூலை 1 முதல் அங்கே வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது. உறைக்குள் இருந்தாலும் ஈயம் ஈயம்தான். முழுச் செம்பு வாங்குங்கள். மற்றவர்களும் மாநில விதிப் புத்தகத்தைப் பாருங்கள். விரியும் குண்டுதான் வேண்டும் என்று சொல்லும் இடங்களும் உண்டு.

கேள்வி (ஜார்ஜியா): பத்து சூட்டில் குழலெல்லாம் ஈயம். கலவையை இன்னும் கடினமாக்கட்டுமா?

பதில்: அளந்துவிட்டு வாருங்கள்.