அப்டேட் சொதப்பினால் எங்கே பார்ப்பது: சில கேள்விகளும் பதில்களும்

ராஸ்பெர்ரி பை (கையளவு கணினி, சுருக்கமாகப் 'பை'), பழைய மடிக்கணினி என்று பொழுதுபோக்குக்கு லினக்ஸ் ஓட்டுபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பாதிப் பேர் பிழைச் செய்தியின் கடைசி வரியை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். கடைசி வரி வெறும் புலம்பல்தான். காரணம் அதற்கு மேலே, முதலில் வந்த பிழை வரியில் இருக்கும்.

கே: அண்ணா, பை 3-ல் வெப்பநிலை பதிவு செய்யும் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு மாதத்துக்கு மேல் அணைத்து வைத்திருந்து நேற்று எடுத்து அப்டேட் கொடுத்தால் "ரிலீஸ் ஃபைல் நாட் வேலிட் யெட்" (சர்வரில் இருக்கும் தொகுப்புப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை) என்கிறது. இணையம் நன்றாகத்தான் இருக்கிறது.

கடிகாரம் பின்தங்கியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. பை 3-ல் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது (பை 5-ல்தான் போர்டிலேயே வந்தது, அதற்கும் பேட்டரியைத் தனியாக மாட்ட வேண்டும்). அணைத்த நேரத்தைக் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, எழுந்ததும் அதே நேரம்தான் என்று நினைத்துக்கொள்கிறது, அதனால் சர்வரில் இருக்கும் கோப்பு அதன் கண்ணுக்கு எதிர்காலத்திலிருந்து வந்ததாகத் தெரிகிறது. அந்தச் செய்தியை முழுதாகப் படித்தால் "இன்னும் 41 நாள்" என்பது போல ஒரு கணக்கு இருக்கும், ஏறக்குறைய அவ்வளவு நாள் உங்கள் பை பின்னால் நிற்கிறது. 'டைம்டேட்சிடிஎல்' என்று தட்டி, கடிகாரம் ஒத்திசைந்ததா என்ற வரியைப் பாருங்கள். 'நோ' என்றால் இணையத்திலிருந்து நேரம் வாங்கும் என்டிபி-யின் 123-ஆம் போர்ட்டை ரௌட்டர் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரமென்றால் தேதியைக் கையால் வைத்துவிட்டு அப்டேட்டை முடித்துக்கொள்ளலாம்.

கே: "லாக் (பூட்டு) கிடைக்கவில்லை" என்று ஏபிடி (மென்பொருளை நிறுவும், புதுப்பிக்கும் கருவி) நின்றுவிட்டது. லாக் கோப்பை அழித்தால் சரியாகிவிடும் என்று நண்பர் சொன்னார். அழிக்கலாமா?

அழிக்காதீர்கள். கோப்பு அங்கே இருப்பதால் பூட்டு விழவில்லை, ஏதோ ஒரு புரோகிராம் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் விழுகிறது. கோப்பை அழித்தால் இரண்டு பேர் ஒரே கணக்குப் புத்தகத்தில் ஒரே நேரத்தில் எழுத ஆரம்பிப்பார்கள். பிடித்திருப்பது யார் என்று செய்தியிலேயே பிராசஸ் எண்ணோடு வரும். பெரும்பாலும் பின்னணியில் ஓடும் தானியங்கி அப்டேட்தான், சற்றுப் பொறுத்தால் விட்டுவிடும்.

ஓடும்போதே கரண்ட் போய்ப் பாதியில் நின்றது என்றால் கதை வேறு. முதலில் 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', அப்புறம் 'ஏபிடி --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்'. இரண்டையும் சுடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) சேர்த்து, இதே வரிசையில் கொடுங்கள்.

கே: டெபியன் (லினக்ஸ் வகைகளில் ஒன்று) 12-க்கு மாறிய பிறகு பிப் (பைதான் தொகுப்புகளை நிறுவும் கருவி) எதையும் நிறுவ மறுக்கிறது. "எக்ஸ்டெர்னலி மேனேஜ்டு" (இந்தப் பைதானை வேறொரு கருவி நிர்வகிக்கிறது) என்கிறது.

வேண்டுமென்றே வைத்த தடுப்பு அது. வீஎன்வி (தனியான பைதான் சூழல்) உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். அந்தத் தடுப்பைத் தாண்டும் தேர்வுக்கு 'ப்ரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று எச்சரிக்கையையே பெயராக வைத்திருக்கிறார்கள், அதையும் தட்டிவிட்டு வந்து என்னிடம் கேட்கிறார்கள். டெபியன் 11-லேயே உருவாக்கிய வீஎன்வி இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். பைதான் 3.9-லிருந்து 3.11-க்குப் போயிருக்கிறது.

கே: சார், என் பையில் இன்னும் பஸ்டர்தான். எல்லாவற்றுக்கும் 404 வருகிறது. நேராக 12-க்குத் தாவலாமா?

பஸ்டர் என்பது டெபியன் 10, 2019-இல் வந்தது, நீட்டித்த ஆதரவும் 2024 ஜூனில் முடிந்துவிட்டது. பழைய தொகுப்புகளை ஆவணச் சர்வருக்கு நகர்த்திவிட்டார்கள், அதனால்தான் 404. டெபியனில் ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிக்கக் கூடாது, 10-லிருந்து 11, அதிலிருந்து 12. பையில் அந்தப் பாடும் வேண்டாம் என்பேன். புதிய கார்டில் புதிதாக ஏற்றுங்கள், பழைய கார்டைத் தொடாமல் எடுத்து வையுங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: 12-இல் பூட் கோப்புகள் 'பூட்/ஃபர்ம்வேர்' அடைவுக்குப் போய்விட்டன, வைஃபையை நெட்வொர்க்மேனேஜர் பார்த்துக்கொள்கிறது. பூட் பகுதியில் வைஃபை கடவுச்சொல் கோப்பைப் போடும் பழைய வித்தை செல்லாது.

கே: மடிக்கணினியில் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட் ஆனது, வைஃபை காணாமல் போனது.

டிரைவரைத் தனியாக நிறுவியிருப்பீர்கள். புதிய கர்னலுக்கான ஹெடர்ஸ் தொகுப்பு (டிரைவர் கட்டத் தேவையான கோப்புகள்) இல்லாவிட்டால், கர்னல் மாறும்போது டிரைவரை மறுபடி கட்டும் டிகேஎம்எஸ் அந்த டிரைவரைக் கட்டாது. கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் (மெனு தெரியாவிட்டால், இயக்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப்) பழைய கர்னலில் நுழையுங்கள். வைஃபை திரும்ப வரும், அதை வைத்தே ஹெடர்ஸை நிறுவலாம்.

கே: 9 ஜிபி காலியாக இருக்கிறது, ஆனால் இடமில்லை என்கிறது!

பூட் தனிப் பார்ட்டிஷனா என்று பாருங்கள். பழைய கர்னல்கள் அதை அடைத்திருக்கும், 'ஆட்டோரிமூவ்' போதும். அங்கே இடம் இருந்தால் 'டிஎஃப் -ஐ' கொடுத்து ஐநோட் (கோப்புக்கு ஒன்று வீதம் செலவாகும் பதிவிடம்) தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

கே: அப்டேட் பிழையே இல்லாமல் முடிகிறது. ரீபூட் செய்தால் பழைய பதிப்பே இருக்கிறது. பேய் ஏதாவது பிடித்திருக்கிறதா?

எனக்கும் நடந்தது. மூன்று ராத்திரி ஏபிடியைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கி, 'சிங்க்' (நினைவகத்தில் இருப்பதைக் கார்டில் எழுதச் சொல்லும் கட்டளை) கொடுத்து, ரீபூட் செய்து பார்த்தால் அந்தக் கோப்பே இல்லை. எஸ்டி கார்டு செத்துக்கொண்டிருந்தது. சில கார்டுகள் சாகும்போது எழுதுவதை எல்லாம் "சரி, சரி" என்று வாங்கிக்கொண்டு எங்கும் எழுதாமல் விட்டுவிடும், பிழைச் செய்திகூட வராது. நீங்களும் அதே சோதனையைச் செய்யுங்கள். கோப்பு காணாமல் போனால் கார்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை, படிக்க முடிகிறபோதே தரவை எடுத்துவிடுங்கள்.

மாற்றிய கையோடு, பைக்கு மின்சாரம் சரியாக வருகிறதா என்று 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு' கொடுத்துப் பாருங்கள். 0x0 வந்தால் நல்லது. 0x50005 வந்தால் இந்த நிமிடமே மின்னழுத்தம் குறைவாக இருக்கிறது, 0x50000 என்றால் பூட் ஆன பிறகு எப்போதோ குறைந்திருக்கிறது. எனக்கு 0x50005 வந்தது. அடாப்டரில் குறையில்லை, சார்ஜ் போடும் மெல்லிய கேபிளை மாட்டியிருந்தேன்.