பார்த்தவுடன் தெரியும் உடற்குறையுடன் வாழ்பவர்கள் தங்கள் உடலை எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள்?

எல்லோருக்கும் பொருந்தும் பதில் இதற்கு இருக்க முடியாது. ஒன்றரை வயதில் போலியோ என்னும் இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் செயலிழந்து, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காலிபர் (காலைத் தாங்கிப் பிடிக்கும் கம்பியும் பட்டையும் கொண்ட கருவி) அணிந்து நடக்கும் ஒரு பெண்ணாக என் அனுபவத்தை எழுதுகிறேன். தன்னம்பிக்கைப் பேச்சுகள் எனக்கு அதிகம் உதவவில்லை. என் காலுக்கு என்ன நேர்ந்தது என்று தெளிவாக அறிந்துகொண்டதும், அதை நாள்தோறும் பராமரிக்கப் பழகியதும்தான் உதவின.

சிறுவயதில் உறவினர்கள் முன்வினை என்றார்கள். அம்மாவோ, காய்ச்சல் கண்ட அன்று ஊசி போடத் தூக்கிக்கொண்டு போனது தான்தானே என்று தன்னையே நொந்துகொண்டிருந்தார். போலியோ வைரஸ் பெரும்பாலும் அசுத்தமான நீர், உணவு வழியாகக் குடலுக்குள் போகிறது என்பதையும், தொற்றுக்கு ஆளாகும் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே நிரந்தர வாதம் வருகிறது என்பதையும் கல்லூரி நாட்களில்தான் படித்தேன். அந்தத் தொற்று உடலில் இருக்கும்போது தசையில் ஊசி போட்டால் அந்த உறுப்பு பாதிக்கப்படும் வாய்ப்பு கூடும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மையே. ஆனால் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து மருத்துவரிடம் ஓடிய எந்தத் தாய்க்கு அது தெரிந்திருக்கும்? இதை அம்மாவுக்கு எடுத்துச் சொல்லிப் புரியவைத்த பிறகு, என் கால் எங்கள் வீட்டில் யாருடைய குற்றமாகவும் இல்லாமல் போனது. என்னைவிட அவருக்கே அது பெரிய ஆறுதல்.

போலியோ அழிப்பது தசையை இயக்கும் நரம்பணுக்களை. தொடுவுணர்வு அப்படியே இருக்கும். என் இடது காலில் எறும்பு ஊர்ந்தால் நன்றாகத் தெரியும், காலை உதறத்தான் முடியாது. தசை மெலிந்து ரத்த ஓட்டமும் குறைந்திருப்பதால் மார்கழியில் பாதம் சில்லிட்டு நீலம் பாரிக்கும். சித்திரை வெயிலில் காலிபரின் தோல் பட்டை வியர்வையோடு உராய்ந்து தொடையைப் புண்ணாக்கும். ஆகவே இரவில் அதைக் கழற்றியதும் பட்டை பதிந்த இடங்களைத் துடைத்து, எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். பாவாடைக்குள் யார் கண்ணிலும் படாமல் மறைத்து வளர்ந்த காலை, இப்படித் தினமும் தொட்டுக் கவனித்துத்தான் என்னுடையது என்று உணரத் தொடங்கினேன்.

வெளியில் போகும்போது இது சோதிக்கப்படும். என் காலிபரின் கம்பிகள் காலணியோடு பொருத்தப்பட்டவை. கோயில் வாசலில் அதைக் கழற்றினால் என்னால் நிற்கவே முடியாது. விளக்கிச் சொல்வேன், விட்டால் உள்ளே போவேன், விடாவிட்டால் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவேன். அப்போது வரும் வருத்தம் அந்த ஏற்பாட்டின் மீதே தவிர என் கால் மீது அல்ல. பொதுக் கட்டடங்கள் எங்களுக்கும் ஏற்றவையாக இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. சாய்தளம் இல்லாத அலுவலகத்தின் முன் நிற்கும்போதும் குறை அந்தப் படிக்கட்டில்தான் என்று நினைக்க இந்தச் சட்டம் எனக்குத் துணை நிற்கிறது.

ஒருமுறை ஏற்றுக்கொண்டால் முடிந்துவிடும் காரியமும் அல்ல இது. பிழைத்த நரம்பணுக்கள் புதுக் கிளைகள் விட்டு, அழிந்தவற்றின் வேலையையும் சேர்த்துச் சுமக்கின்றன. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அவையும் தளர்கின்றன. போலியோவுக்குப் பிந்தைய இந்தத் தளர்ச்சி எனக்கும் தொடங்கிவிட்டது. நெடுந்தூரத்துக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது சில மாதங்கள் கலங்கித்தான் இருந்தேன். இப்போது ரயில் நிலையத்தில் அதில் போகிறேன். ஊர் போய்ச் சேர்ந்ததும் பேத்தியோடு விளையாட உடம்பில் தெம்பு மிஞ்சுகிறது.

2014-இல் இந்தியா போலியோ அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அதனால் இளம் மருத்துவர்கள் பலர் இத்தகைய காலை நேரில் பார்த்ததில்லை. கேள்வி கேட்டவர் தமக்காகக் கேட்டிருந்தால், உடற்குறை எதுவாக இருந்தாலும், முதலில் மறுவாழ்வு மருத்துவம் படித்த ஒருவரைப் பாருங்கள். சென்னை கே.கே. நகரில் அதற்கென்றே அரசு மருத்துவமனை உள்ளது. உங்கள் உடலில் எது இயங்குகிறது, எது இயங்கவில்லை, ஏன் என்று புரியும்வரை தயங்காமல் கேளுங்கள்.