ரோபோவுக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கும் குழந்தை

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. வாயால் கேட்டால் எல்லாப் பதிலும் சொல்கிறான். எழுதினால் கோழிக் கிறுக்கல். பென்சில் முனை உடைகிறது, அரைப் பக்கத்திலேயே கை வலிக்கிறது என்கிறான். எழுதப் பழக்கும் ரோபோ வந்திருக்கிறதாமே, பலன் உண்டா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அதில் இரண்டு வகை உண்டு. முதலாவது, பேனாவைப் பிடித்திருக்கும் இயந்திரக் கை. குழந்தை கோட்டை விட்டு விலகினால் மோட்டார் ஸ்பிரிங் போல மெல்ல உள்ளே இழுக்கும். விலகல் கூடினால் இழுப்பும் கூடும். இங்கே நடக்கும் பெரிய தவறு, இழுப்பைக் குறைக்காமலே விடுவது. எழுத்து அழகாக விழும், ஆனால் எழுதுவது மோட்டார். குழந்தையின் கை அதன்மேல் சும்மா சவாரி போகும். நிறுத்திய மறுநாள் பழைய கிறுக்கல்தான். பிழை குறையக் குறைய உதவியும் குறைந்துகொண்டே வரவேண்டும். வாரத்துக்கு வாரம் இழுப்பு எவ்வளவு குறைந்தது என்று சிகிச்சையாளரிடம் கேளுங்கள்.

இரண்டாவது வகை எனக்குப் பிடித்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான முறை இது: 58 செ.மீ. உயர, மனித வடிவ 'நாவோ' ரோபோ மாணவன், குழந்தை ஆசிரியர். ரோபோ காற்றில் விரலை அசைக்கும். டேப்லெட்டில் கோணலான எழுத்து தோன்றும். குழந்தை பக்கத்தில் திருத்தி எழுதிக்காட்டும். அதைப் பார்த்து ரோபோவின் அடுத்த முயற்சி கொஞ்சம் தேறும். எப்போதும் வகுப்பில் திட்டு வாங்கும் பிள்ளை இங்கே வாத்தியார். சலிக்காமல் பத்து முறை ஒரே எழுத்தை எழுதுவது அதனால்தான். ஆனால் அது பென்சில் பிடியையோ அழுத்தத்தையோ சரிசெய்யாது. உங்கள் மகனின் சிக்கல் அங்கேதான் தெரிகிறது. தவிர, அது a, b, c போன்ற லத்தீன் எழுத்துகளுக்காக உருவானது. நம் எழுத்து சுழி நிறைந்தது. 'ன'வுக்கு இரண்டு சுழி, 'ண'வுக்கு மூன்று. விரல் தடுமாறும் பிள்ளைக்குச் சுழி எண்ணிக்கை தவறும். 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று வாய்விட்டு எண்ணியபடி எழுதட்டும்.

கேள்வி: ரோபோ இல்லாமல் வீட்டில் என்ன செய்யலாம்? கையைப் பிடித்து எழுதவைக்கலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ஓரிரு தடவை, எழுத்தின் போக்கைக் காட்ட மட்டும். அதற்குமேல் போனால் உங்கள் கையே அந்த மோட்டார்.

முதலில் உட்காரும் விதம்: பாதம் தரையிலோ பலகையிலோ பதியவேண்டும், மேசை முழங்கை உயரத்துக்குச் சற்று மேலே. கால் தொங்கினால் உடலைத் தாங்கவே தோள் இறுகும், விரலுக்கு மிச்சமில்லை. முக்கோணப் பென்சில் வாங்குங்கள். 3 செ.மீ. க்ரேயான் துண்டு இன்னும் நல்லது. அதை முஷ்டியால் பிடிக்கவே முடியாது, விரல்நுனி தானாக வேலைக்கு வரும். அழுத்தி எழுதுகிறவனுக்கு இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் தாள் வைத்து, 'கீழே பதியாமல் எழுது பார்க்கலாம்' என்று விளையாட்டாக்குங்கள். தினம் 10–15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்றே எழுத்து. நோட்டை நிரப்பச் சொன்னால் களைத்த கை தப்பான அசைவையே பழகிக்கொள்ளும்.

ரோபோ வேலையை நீங்களும் செய்யலாம். அவன் செய்யும் அதே பிழையோடு எழுதி, 'எங்கே தப்பு, சொல்லிக்கொடு' என்று கேளுங்கள். அடுத்த தடவையே சரியாக எழுதிவிடாதீர்கள்!

சட்டை பொத்தான், செருப்பு வார், சாப்பாடு பிசைவது என எழுத்துக்கு வெளியிலும் தடுமாற்றம் இருந்தால் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) காட்டுங்கள்.

கேள்வி: நோட்டுக்குப் பதில் டேப்லெட்டில் எழுதிப் பழகினால் போதுமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: போதாது. கண்ணாடியில் பேனா வழுக்கும்; காகிதத்தின் உராய்வு தரும் பிடிமானம் அங்கே இல்லை. டேப்லெட்டில் தேறியவன் நோட்டில் தடுமாறுவது இதனால்தான். சொரசொரப்பான திரை ஒட்டுத்தாள் ஓரளவு உதவும். எப்படியானாலும், டேப்லெட்டில் எழுதிய அதே எழுத்தை அன்றே பென்சிலாலும் எழுதவையுங்கள்.